அடிப்பிடித்த பாத்திரமும் தொண்டையில் குத்தும் கம்பியும்

"தொண்டையில் முள் குத்திக்கொண்டது" என்று கூறி, காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு வருவோர் இப்பகுதியில் எப்போதும் உண்டு. காசிமேட்டுத் துறைமுகத்தின் அருகில் வாழ்வோருக்கு மீன் அன்றாட உணவு. ஆகவே அவர்கள் கூறுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் சிலர், "நான் மீனே சாப்பிடவில்லை, இட்லியும் சாம்பாரும்தான்" என்பார்கள். அத்தகையோரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் பாத்திரத்தை எதைக் கொண்டு தேய்க்கிறீர்கள்?" என்பதாகும். தொண்டைக்கும் பாத்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் வியப்பது இயல்பே.

தொடர்பு கம்பி நாரில் இருக்கிறது. தட்டையாக்கப்பட்ட மெல்லிய எஃகுக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி உருண்டையாக்கியதே கடைகளில் விற்கப்படும் கம்பி நார். அடிப்பிடித்த பாத்திரத்தை அழுத்தித் தேய்க்கும்போது அக்கம்பி மீண்டும் மீண்டும் வளைந்து, ஓரிடத்தில் நைந்து ஒடிகிறது. நம் பகுதியில் இன்னொரு காரணமும் சேர்கிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை வீசுவது உப்புக் காற்று. தொட்டியின் ஓரத்தில் ஈரத்துடன் கிடக்கும் மலிவான கம்பி நார் விரைவில் துருப்பிடித்து நொறுங்கத் தொடங்கும். பாத்திரத்தில் பழுப்பு நிறக் கறை படிவதும், கையில் சிறு துணுக்குகள் ஒட்டுவதும் அதன் அடையாளங்கள். அந்நிலையிலும் "இன்னும் ஒரு வாரம் வரும்" என்று அதைப் பயன்படுத்துவதே நாங்கள் காணும் வழக்கம்.

உதிர்ந்த துணுக்கு கண்ணில் படுவதில்லை. குக்கர் மூடியின் வளையம் பொருந்தும் பள்ளம், கைப்பிடி ஆணியின் விளிம்பு, இட்லித் தட்டின் துளை, தோசைக்கல்லின் சொரசொரப்பு ஆகிய இடங்களில் அது தங்கிவிடும். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியை இவற்றுள் முதன்மையாகச் சொல்ல வேண்டும். அதன் நுண்துளைகளில் சிக்கிய கம்பி எத்தனை முறை கழுவினாலும் போகாமல், அடுத்த குழம்பு கொதிக்கையில் வெளிவரக்கூடும். மண்சட்டிக்குக் கம்பி நார் எவ்வகையிலும் ஏற்றதன்று.

விழுங்கப்படும் துணுக்கு பெரும்பாலும் டான்சில், நாக்கின் அடிப்பகுதி, உணவுக்குழாயின் தொடக்கம் ஆகிய இடங்களில் குத்தி நிற்கும். மீன் முள்ளும் அங்கேதான் குத்தும். எனவே உணர்வைக் கொண்டு மட்டும் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. இவ்விடத்தில்தான் நம் வீடுகளின் பழைய கைவைத்தியம் தீங்காகிறது. சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்குவது, வாழைப்பழத்தை முழுங்குவது ஆகியவற்றை நாங்கள் மீன் முள்ளுக்கே பரிந்துரைப்பதில்லை. கம்பியாயின் அந்தச் சோற்றுருண்டை அதை மேலும் ஆழமாகத் திசுக்குள் தள்ளிவிடும். உள்ளே சென்ற கம்பி அவ்விடத்திலேயே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. தசைகளின் அசைவால் நகர்ந்து கழுத்தின் ஆழ்பகுதியை அடைந்து, அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்குவதும் உண்டு.

அமெரிக்காவில் இறைச்சி சுடும் அடுப்புத் தட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது வழக்கம். ரோட் ஐலண்டு மாநிலத்தில் 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை, தூரிகையிலிருந்து உதிர்ந்த கம்பியை உணவோடு விழுங்கிய ஆறு பேர் சிகிச்சை பெற்றதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்டது. சிலருக்குக் கழுத்துத் திசுவில் குத்தி விழுங்க முடியாத வலி. சிலருக்குக் குடலில் துளை விழுந்து அவசர அறுவைச் சிகிச்சை. 2002 முதல் 2014 வரை அந்நாட்டில் ஏறத்தாழ 1,700 பேர் இக்காரணத்தால் அவசரப் பிரிவுகளுக்கு வந்திருப்பர் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அங்கே தூரிகை, இங்கே நார். உதிர்வதும் குத்துவதும் ஒன்றே.

உணவு உண்ணும்போதே ஓரிடத்தில் சுருக்கென்று குத்தி, ஒவ்வொரு விழுங்கலிலும் அதே இடத்தில் வலித்தால், உண்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வருக. விரலை விட்டுத் தோண்டுதல் வேண்டா. வாந்தி எடுக்க முயலுதலும் வேண்டா. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வெறும் வயிற்றுடன் வருவது நன்று. இயலுமாயின் வீட்டிலுள்ள கம்பி நாரையும் ஒரு பையில் போட்டு எடுத்து வருக. எத்தகைய கம்பியைத் தேடுகிறோம் என்று அறிய அது எங்களுக்கு உதவும். சாதாரண எக்ஸ்ரேயில் மெல்லிய கம்பி தப்பிவிடக்கூடும், சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். கம்பி இருக்கலாம் என்ற ஐயமிருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாகாது. அதன் காந்தம் கம்பியை இழுக்கும். வேறு காரணத்திற்காக அந்த ஸ்கேன் எடுக்க நேர்ந்தாலும் இதை மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமை, கழுத்து வீக்கம், காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இரத்த வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ஒரு மணி நேரமும் காத்திருத்தல் கூடாது. தொண்டை வலி தானாக நீங்கிச் சில நாள்களில் வயிற்றில் ஓரிடத்தில் வலி தொடங்கினாலும் முன்பு குத்தியதை மருத்துவரிடம் கூறுக. தொண்டையைக் கடந்துவிட்ட துணுக்கு பெரும்பாலும் மலத்துடன் வெளியேறிவிடும் என்பது ஆறுதலான செய்தி.

நோயாளிகளைப் பராமரிப்போருக்குத் தனியே ஒன்று கூற விரும்புகிறோம். கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் எளிதில் அடிப்பிடிப்பவை. நோயாளியின் பக்கம் ஓடுவதா, அடுப்பைக் கிளறுவதா என்று தவிக்கும் வீட்டில் அது நாள்தோறும் நிகழ்வதுதான். அதற்காக யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அப்பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்த்து அதிலேயே மறுவேளைக் கஞ்சி வைத்தால், ஆபத்து மிகுதியாக உள்ளவருக்கே துணுக்கு போய்ச் சேரும். பல்செட் அணிந்தோருக்கு மேலண்ணம் மூடியிருப்பதால் உணவிலுள்ள கம்பி உணர்வில் படாது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் குத்துகிறது என்று சொல்லவும் இயலாது. அவர் திடீரென உணவை மறுத்தாலோ, எச்சில் ஒழுகினாலோ, விழுங்கும்போது முகம் சுளித்தாலோ அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடிப்பிடித்ததை நீக்கக் கம்பி நார் தேவையே இல்லை. எவர்சில்வர் பாத்திரமாயின், கருகிய பகுதி மூழ்கும் அளவு நீரூற்றி, இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா இட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே இரவு முழுதும் விடுக. காலையில் மர அகப்பையால் தள்ளினாலே பெரும்பகுதி பெயர்ந்துவிடும். எஞ்சியதைத் தேங்காய் நாராலோ பீர்க்கங்காய் நாராலோ தேய்க்கலாம். அலுமினியத்திற்குச் சோடா ஆகாது, கறுத்துவிடும். புளித் தண்ணீரையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்த்துக் கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். மண்சட்டிக்கு வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தைச் சுரண்டினால் பூச்சு போய்விடும். பின்பு புளிக்குழம்பு வைக்கையில் செம்பு உணவில் கரையும். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைப் பாத்திரத்தில் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. அது ப்ளீச்சிங் பவுடருடன் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

கம்பி நாரை விடவே முடியாது என்போர், அதைத் தோசைக்கல்லின் அடிப்புறம் போன்ற, உணவு படாத பகுதிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தேய்ப்பவரின் விரலையும் அது குத்தும். நீரிழிவு உள்ளோர் அச்சிறு காயத்தைப் பொருட்படுத்தாமல் விட்டு, விரல் வீங்கிய பின் வருவதைக் காண்கிறோம். கையுறை அணிவது நன்று. குத்திவிட்டால் சோப்பு நீரில் கழுவி, கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவுபடுத்திக்கொண்டு அன்றே வருக.