தறியை விட்டு வேறு வேலை தேடும் அங்கத்தினருக்கு

கூலி பட்டுவாடா நாட்களில் நெசவாளர் சங்கங்களுக்குச் செல்லும்போதெல்லாம், பதிவேடுகளைப் பார்த்து முடித்தபின் நம்மிடம் தவறாது கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, வெளியில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்பதே அது. முன்பு இளைஞர்களே இதனைக் கேட்டு வந்தனர். இப்பொழுது நாற்பது வயதைக் கடந்தவர்களும், தம் கணவருக்காகவும் மகனுக்காகவும் தாய்மார்களும் கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு மேடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை, பரம்பரைத் தொழிலைக் கைவிடலாகாது என்பதாகும். அவ்வாறு பேசுவோரில் தறிக்குழியில் கால் வைத்தவர் அரியர். 1995–96-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 65 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருந்தனர். 2009–10-இல் அத்தொகை 43 லட்சமாயிற்று. 2019–20-இல் 35 லட்சமாகக் குறைந்தது. அக்கடைசிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இந்நிலையில், போகாதே என்று ஒருவரைத் தடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே, போகலாமா கூடாதா என்ற வாதத்தில் இங்கு நாம் இறங்கப் போவதில்லை. வேறு வேலை கிடைக்கும் வரை இருக்கின்ற கூலியில் எவ்வாறு காலந்தள்ளுவது, புறப்படும் முன் எவற்றைச் சரிசெய்து கொள்வது என்பவற்றையே கூற விரும்புகிறோம். எட்டு ஆண்டுகளாகப் பல ஊர்களில் தறிமேடைகளின் அருகே அமர்ந்து கேட்டறிந்தவை இவை.

மெய்யான தினக்கூலி

“தினம் நானூறு ரூபாய்க்கு மேல் விழுகிறது” என்று பட்டு நெசவாளர் ஒருவர் கூறினால், அவர் கணக்கு எப்படிப்பட்டது என்பதை நாம் உடனே விசாரிப்பது வழக்கம். உதாரணத்திற்காக, மூன்று புடவைகள் கொண்ட ஒரு பாவுக்குக் கூலி 15,000 ரூபாய் என்றும், ஒரு புடவைக்குப் பன்னிரண்டு நாட்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 36 நாட்களுக்கு 15,000 என்றால் நாளொன்றுக்கு நானூற்றுப் பதினாறு ரூபாய் ஆகிறது. அவர் கூறியது இந்தத் தொகையைத்தான்.

ஆயின் பாவு பிணைக்க இரண்டு நாட்கள் ஆகின்றன. முந்தைய பாவை அறுத்துக் கொடுத்தபின் அடுத்த பாவும் ஜரிகையும் கைக்கு வர ஐந்து நாட்கள் காத்திருக்க நேர்கிறது. நல்லது கெட்டது, உடல்நலக் குறைவு, அமாவாசை என்று இன்னும் ஐந்து நாட்கள் போகின்றன. மொத்தம் 48 நாட்கள். இப்பொழுது வகுத்தால் நாளொன்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்தான். கோர்வைப் புடவையாயின் கரைநாடா போட இன்னொருவர் தறியருகே அமர்ந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அவர் மனைவியாக இருப்பார், சில வீடுகளில் தாயாராகவோ தம்பியாகவோ இருப்பார். இருவருக்கும் பங்கிட்டால் தலைக்கு நூற்றைம்பத்தாறு ரூபாய். தார் சுற்றிக் கொடுத்த பாட்டிக்கு இக்கணக்கில் இடமே இல்லை. இவ்விதம் வகுத்துக் காட்டிய பொழுது, ஓர் அங்கத்தினரின் மனைவியார், “அப்படியானால் எனக்குப் பாதி உண்டு என்பது இன்றுதான் தெரிந்தது” என்று சிரித்தார். அவர் கணவர் சிரிக்கவில்லை.

வேலை மாற எண்ணுவோர்க்கு இக்கணக்கு இன்றியமையாதது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் மாதம் 14,000 ரூபாய் தருவதாக ஒருவர் அழைக்கிறார் என்க. மேற்கூறிய தறியில் மாதக் கணக்கில் கிடைப்பது ஏறத்தாழ 9,400 ரூபாய். பதினான்கு பெரிது, ஒன்பது சிறிது என்று புறப்பட்டு விடுகின்றனர். ஆனால் ஒருவர் எழுந்து போனதும் கோர்வைத் தறி முழுவதுமாக நின்று விடுகிறது. போனவரின் பாதியோடு வீட்டில் இருப்பவரின் பாதியும் சேர்ந்து போய்விடுகிறது. தொழிற்சாலை ஊரில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஐயாயிரம் செலவானால், வீட்டுக்கு வருவது ஒன்பதாயிரம். பிடித்தங்கள் போக அதனினும் குறைவு. அதாவது தறியிலிருந்து வந்ததைவிடக் குறைந்த தொகைக்காக ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்திருக்கும். வீட்டிலிருந்தே கம்பெனிப் பேருந்தில் போய்வர முடிந்தால் கணக்கு மாறும். மணமாகாதவர்க்கு அது இன்னொரு விதம். வீட்டிலிருப்பவர் கோர்வை இல்லாத ஒற்றையாள் தறிக்கு மாற இயலுமானால், அப்பொழுதும் தொழிற்சாலையே மேல் என்று முடிவாகலாம். எண்களை அவரவர் போட்டுப் பார்த்துக் கொள்ள வேண்டும். கூலிப் புத்தகத்தில் பாவு வாங்கிய தேதியும் துணி கொடுத்த தேதியும் உள்ளன; ஓராண்டுக்குரியவற்றைக் கூட்டினால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் காரியம் இது.

முன்பணம் என்னும் தளை

கூலி குறைவென்று தெரிந்தும் பலர் நகர முடியாமல் இருப்பதற்குக் காரணம் முன்பணமே. தனியார் முதலாளிகளிடம் நெய்வோரில் இது மிகுதி. திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ வாங்கிய முப்பதாயிரம், நாற்பதாயிரம் கடனாக நிற்கிறது. அது தீரும் வரை வேறெவர்க்கும் நெய்யலாகாது, வேறு வேலைக்கும் போகலாகாது என்பது வாய்மொழி நிபந்தனை. கூலியில் சிறிது பிடிக்கப்படும்; அடுத்த தீபாவளிக்கு மீண்டும் அதே அளவு வாங்கப்படும். இங்ஙனம் பதினைந்து ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் இருந்தவர்களை நாம் அறிவோம்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கல் குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறில்லை. முன்பணம் பெற்றதற்காக ஒருவர் தமக்கு வேண்டிய வேலைக்குச் செல்லும் உரிமையை இழந்தால், அதுவும் அச்சட்டத்தின் பார்வையில் கொத்தடிமையே. அவ்விதக் கடனை வசூலிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும் இயலாது. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ முறையிடலாம். மாவட்டந்தோறும் கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழுக்களுக்கு அச்சட்டமே வகை செய்துள்ளது.

இதனைக் கூறுவதால், வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்று நாம் போதிப்பதாக எவரும் கொள்ள வேண்டா. நேர்மையாக வாங்கிய கைமாற்றை நேர்மையாகத் தீர்ப்பதே நம் மக்களின் இயல்பு. கடன் வேறு, கடனுக்காக ஆளைக் கட்டி வைப்பது வேறு. ஆதலின் முதற்காரியமாக, எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதைத் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாதந்தோறும் கொடுத்தவரிடம் கையொப்பம் பெறுக. கையொப்பமிட மறுத்தால், மறுத்த தேதியையும் எழுதி வைக்க. புதிதாக முன்பணம் வாங்குவதை அன்றே நிறுத்துக. இரவோடிரவாக ஊரை விட்டுப் போய்விடுவது மட்டும் வேண்டா. நாம் அறிந்த ஒருவர் அவ்வாறு போனார். அவருடைய கடனுக்காக அவர் தம்பி, ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் அமர்ந்தான். ஒப்பந்த வேலை எட்டு மாதத்தில் முடிந்து அண்ணன் திரும்பி வந்தபொழுது வீட்டில் இரண்டு பேர் கடனாளிகள்.

நமது கூட்டுறவுச் சங்கங்களில் இத்தகைய கட்டு இல்லை என்பது பெருமைக்குரியது. ஆயினும் வேறொரு குறை உண்டு. வேலை தேடுகிறார் என்று தெரிந்த அங்கத்தினருக்குப் பாவு கொடுப்பதில் தாமதம் செய்வதையும், “போகிறவருக்கு எதற்கு?” என்று மேலாளரே கேட்பதையும் சில இடங்களில் கண்டோம். இது சங்கத்திற்கு அழகன்று. வெளியே போக நினைப்பவரும் பங்குத்தொகை செலுத்திய அங்கத்தினரே. பாவு வரிசை தேதிப்படி நடக்க வேண்டும். அவர் கேட்டால், எத்தனை ஆண்டுகளாக என்ன ரகம் நெய்தார் என்பதற்கு ஒரு சான்று எழுதிக் கொடுப்பதில் நிர்வாகக் குழுவினர்க்கு நட்டம் ஒன்றும் இல்லை. அத்தாள் இல்லாமையால் நெசவுப் பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமற் போனவர்கள் உண்டு.

அங்கத்தினரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் கூலியிலிருந்து பிடித்த தொகையோடு அரசின் பங்கும் சேர்ந்துள்ளது. புறப்படும் அவசரத்தில் அதனைக் கேளாமலே போய்விடுவோர் பலர். நிலுவை எவ்வளவு என்பதை இன்றே கேட்டு, கூலிப் புத்தகத்தில் குறித்துக் கொள்க.

காத்திருக்கும் நாட்கள்

பாவுக்காகக் காத்திருக்கும் ஐந்து நாட்களைப் பற்றி மேலே கூறினோம். வேலை தேடுவோர்க்கு அந்நாட்களே மூலதனம். தறியோடும் நாட்களில் மாலையில் படிக்கிறேன் என்பது நடவாத காரியம். பத்து மணி நேரம் மிதித்த கால் புத்தகத்தின் முன் உட்கார ஒப்பாது. நாமும் பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் ஒரு தனியார் கடையில் கணக்கெழுதிக்கொண்டே தேர்வுக்குப் படித்தவர்தாம். சம்பளம் பேருந்துக்கும் மதியச் சோற்றுக்குமே சரியாக இருந்தது. விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை படித்ததே கைகொடுத்தது. இரவில் படித்தவை எவையும் மனத்தில் நிற்கவில்லை.

பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வை எழுதலாம். 2022 முதலான முறையில் அதன் 200 வினாக்களில் 100 தமிழ் வினாக்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து ஒழுங்காகப் படித்தவர்க்குப் பாதி வழி கடந்த மாதிரி. போட்டி கடுமையானது என்பதையும் மறைப்பதற்கில்லை, லட்சக்கணக்கானோர் எழுதுகின்றனர். அதனையே நம்பித் தறியை நிறுத்திவிடலாகாது.

தறியின் அறிவைக் கொண்டே தறிக்கு வெளியே செல்லும் வழிகளும் உள்ளன. 1960-இல் தோன்றிய சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு நடக்கிறது; பிள்ளைகள் பள்ளி முடிக்கும் நிலையில் உள்ள பெற்றோர் இதனை விசாரிக்க வேண்டும். காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் உள்ள நெசவாளர் சேவை மையங்கள் சாயமிடுதல், வடிவமைப்பு முதலியவற்றில் பயிற்சி தருகின்றன. நெய்கிறவர்க்குக் கூலி குறைந்த ஊர்களிலும், நல்ல சாயக்காரரும் கணினியில் ஜக்கார்டு வடிவம் போடத் தெரிந்தவரும் தேடப்படுவதை நாம் காண்கிறோம்.

தொழிற்சாலைக்கே செல்வோர், வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டா. சம்பளச் சீட்டு உண்டா, வேலை தருபவர் கம்பெனியா ஒப்பந்தக்காரரா, வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் பிடிப்பார்களா என்ற மூன்றையும் கேட்டறிக. ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 2019-இல் நூற்றுக்கு முக்கால் ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அச்சிறு தொகைக்குக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கிறது. அதனைப் பிடிக்க வேண்டாம், கையில் கொடுங்கள் என்று கேட்கும் பேதைமை சிலரிடம் உண்டு. வைப்பு நிதிக்கு ஒரே எண்ணை வாழ்நாள் முழுதும் தொடரும் முறை 2014-இல் வந்தது. கம்பெனி மாறினாலும் அவ்வெண்ணையே கொடுக்க வேண்டும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். கரும்பு வெட்டுக்கு முன்பணம் வாங்கிச் செல்லும் குடும்பங்களுக்கு அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் அவசியம்.

மேலே நாம் கூறிய தம்பியின் அண்ணன் இப்பொழுது என்ன செய்கிறார் என்று வாசகர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு அவர் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ந்து, கோர்வையில்லாத ரகம் ஒன்றைத் தனியாக நெய்து வருகிறார். முதலாளியுடன் கணக்குப் பார்த்ததில் நாற்பதாயிரம் என்றிருந்த கடன், பிடித்தங்கள் போகப் பதினெட்டாயிரமாக நின்றது. அதில் பதினொன்று கட்டியாயிற்று. தம்பி தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத விண்ணப்பித்திருக்கிறான். மீதி ஏழாயிரம் தீர்ந்ததும் மீண்டும் ஒரகடம் போவதா, சாயப் பயிற்சிக்குச் செல்வதா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடந்து கொண்டிருக்கிறது.