பகடைக்காரர் பேச்சும் களவெட்டிப் பேச்சும்

பழைய மாணவர் ஒருவர் வேலைக்கான ஆங்கில விண்ணப்பமொன்றை என்னிடம் கொண்டுவந்தார். மறுநாள் தபாலிற் சேர்க்கவேண்டியது. அடுத்தடுத்து மூன்று பரீட்சைகளிற் சித்தியடைந்ததைச் சொல்ல, 'ஐ ஆம் ஒன் எ ரோல்' என்று எழுதியிருந்தார்.

"பிழையா சேர்? கிரிக்கெட் வர்ணனையில கேட்டது" என்றார்.

"தொடர் பிழையில்லை, தம்பி. இடந்தான் பிழை" என்றேன்.

நன்னூலார் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்வார். ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரைகாரர் உதாரணங் காட்டுவர். வெற்றியையும் அதன் வேகத்தையும் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுத் தொடர்கள் பல இந்த இனத்தவையே. 'ஒன் எ ரோல்' பகடை உருட்டுவோர் பேச்சு என்பர். உருட்டுந்தோறும் விரும்பிய எண் விழுகிறது. ஆட்டக்காரன் கையை விடமாட்டான். 'இன் த குரூவ்' என்பது இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி வழுவாமல் ஓடுவது. 1930களில் ஜாஸ் வாத்தியக்காரர் வாயிற் புழங்கியது. 'ஹட்ரிக்'கோ 1858இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில், மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் வீழ்த்திய ஸ்டீவன்சனுக்குத் தொப்பி பரிசளித்த கதையோடு வருவது. இது ஒன்றே இன்று எந்த அலுவலகத்திலும் முகஞ்சுளிக்காமல் ஏற்கப்படும். மற்றவை இன்னும் தெருவிலும் மைதானத்திலுமே நிற்கின்றன.

சொல்லைப் பிறந்த இடத்தோடு படிக்காமல் பட்டியலாக மனனஞ் செய்வதால் வரும் வினை இது. பட்டியல் பொருளைச் சொல்லும். யாரிடம் சொல்லலாம் என்பதைச் சொல்லாது. அப்படியொரு பட்டியலை வகுப்பிற் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நம்மிடமும் இத்தகைய பேச்சு உண்டு. வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டைகளில், மாடு பூட்டிச் சூடு மிதித்த காலத்தில், களவெட்டிக்குள் நெல்லை நெல்லென்று சொல்லார், 'பொலி' என்பர். பொலிதல் பெருகுதல். குறைவைக் காட்டுஞ் சொல் அங்கே வாயில் வரலாகாது. காற்று வாய்த்துத் தூற்றுகை ஓட்டத்தில் இருக்கும்போது, அந்த ஓட்டம் அறுந்துவிடக்கூடாதே என்ற அச்சம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. பகடைக்காரனுக்கும் அதே அச்சந்தான். இயந்திரம் வந்தபின் களவெட்டியும் அருகிவிட்டது. சொல்லும் முதியவர்களோடு ஒதுங்கிவிட்டது.

மாணவர் அவ்வரியை வெட்டி, மூன்று பரீட்சைகளின் பெயரையும் ஆண்டையும் எழுதினார். படியிறங்கும்போது திரும்பி, "அப்ப பொலியையும் எழுத ஏலாதா சேர்?" என்று கேட்டுச் சிரித்தார்.