பாதிச் சாலை

தோணிரேவு என்ற பெயருக்குள்ளேயே ஒரு காத்திருப்பு இருக்கிறது. ரேவு தெலுங்குச் சொல்; நம் வாயில் அது துறை. பழவேற்காட்டில் பாலம் வருவதற்கு முன், கலங்கரை விளக்கத்துப் பக்கமுள்ள குப்பங்களுக்குத் தோணியில்தான் போக வேண்டும். அக்கரை போன தோணி திரும்பினால்தான் இக்கரையில் நிற்பவர் ஏறலாம். மீன்கூடையோடு நின்றாலும் சரி, பிள்ளைத்தாய்ச்சியாக நின்றாலும் சரி, ஏரி யாருக்காகவும் குறுகிவிடாது. தண்ணீரில் ஹாரன் அடித்துப் பயனில்லை.

தரையில் அப்படி இல்லை. சில மாதங்களுக்கு முன் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெதூர் தாண்டியதும் பஸ் நின்றது. சாலையின் ஒரு பாதியைச் சுரண்டிப் போட்டிருந்தார்கள். மறுபாதியில் எதிர்த்திசை வண்டிகள் ஊர்ந்து வந்தன. எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பையன். இருபது வயது இருக்கலாம். மேலே பச்சை ஜாக்கெட், தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் ஹவாய் செருப்பு. ஒரு கையில் சிவப்புக் கொடி, மறுகையில் செல்போன். அந்த முனையில் நிற்கும் இன்னொரு பையனோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். பஸ்ஸை ஒட்டி ஒரு மீன் ஆட்டோ மூக்கை நுழைத்தது. காலையில் மீன் ஏற்றிப் போய் மிச்சத்தோடு திரும்புகிற வண்டி. உள்ளே இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஐஸ் கரையுதுபா. எம்மா நேரம்தான் நிக்கிறது?"

பையனுக்கு அது புரிந்திருக்காது, குரல் புரிந்திருக்கும். "ஒரு நிமிஷம் அக்கா" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டோ நிற்கவில்லை. கொடிக்குக் கீழே குனிந்து போவதுபோலப் போய்விட்டது. பையன் ஒரு அடி பின்னால் தாவினான். அங்கே சுரண்டிப் போட்ட பள்ளம்.

நான் சிறுவனாக இருந்தபோது சாலை போடுவது என்பது ஒரு வாரத்துத் திருவிழா. தார் டின்னைக் கல்லடுப்பில் ஏற்றி, சவுக்கு விறகு வைத்துக் காய்ச்சுவார்கள். பெண்கள் இரும்புச் சட்டியில் ஜல்லி சுமப்பார்கள். காலில் சாக்கைச் சுற்றி, அதற்கு மேல் டயர் செருப்பு. காலித் தார் டின்தான் தடுப்பு. அது போதாத இடத்தில் சுண்ணாம்பு பூசிய கருங்கல், அதுவும் இல்லாத இடத்தில் முள்கொம்பு. குச்சியில் சிவப்புத் துணி கட்டி ஒருவர் நிற்பார். இரவில் சிவப்புக் கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கு எரியும். அதன் பக்கத்திலேயே காவல்காரர் துண்டை விரித்துப் படுத்திருப்பார். ஹெல்மெட்டை யாரும் கண்ணால் கண்டதில்லை.

அந்தக் காலத்தில் பாதுகாப்பே இல்லை என்று இன்றைக்குச் சொல்லிவிடுவோம். சாதனங்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு பாதுகாப்பு இருந்தது: சாலை மோசமாக இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு இந்தப் பக்கமும் குழி, அந்தப் பக்கமும் குழி. லாரி குலுங்கிக்கொண்டு முப்பதில் வரும். டிரைவர் எப்படியும் பிரேக்கில் கால் வைத்துத்தான் ஓட்டுவார். சிவப்புத் துணி அவரை நிறுத்தவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவரிடம் காரணம் சொன்னது, அவ்வளவுதான்.

சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வடிவமைப்புக்குத் தரும் கணக்கு இது: மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி, டிரைவர் ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முழுதாக நிற்க 45 மீட்டர் வேண்டும். 60 என்றால் 80 மீட்டர். 80 என்றால் 120 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. இப்போது நேற்று போட்டு முடித்த பாதி கண்ணாடிபோல் இருக்கிறது. இன்று போடுகிற பாதியில் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டி அந்தக் கண்ணாடியின் மேல் எண்பதில் வந்து இந்த ஆட்களைச் சந்திக்கிறது. இவர்கள் போட்ட நல்ல சாலையே இவர்களுக்கு எமன்.

ஜாக்கெட் வந்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை மேஸ்திரிகளிடமே இருக்கிறது. அந்தப் பளீர்ப் பச்சை பகல் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும் சாயம். இரவில் அது வேலை செய்யாது. இரவில் தெரிவது அதன் மேல் தைத்த சாம்பல் நிறப் பட்டை மட்டும், அதுவும் ஹெட்லைட் வெளிச்சம் நேராகப் பட்டால். தாரும் புழுதியும் அப்பிய பட்டை, பட்டையே இல்லாத சட்டைக்குச் சமம். துவைத்த ஜாக்கெட் போட்ட சாலைத் தொழிலாளியை நான் பார்த்த நாள்கள் குறைவு.

அகலக் கணக்கையும் பார்த்துவிடுவோம்; இந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஒருவழித்தடச் சாலை 3.75 மீட்டர், இடைநிலைச் சாலை 5.5 மீட்டர், இருவழித்தடச் சாலை 7 மீட்டர் என்பது நம் நாட்டு அளவு. இடைநிலைச் சாலையில் பாதியைத் தோண்டினால் மிஞ்சுவது 2.75 மீட்டர். சட்டப்படி ஒரு பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். மீதி 15 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. அந்த இடைவெளிக்கு அப்பால் குனிந்து ஜல்லி தள்ளுகிற சித்தாளின் முதுகு இருக்கிறது. சித்தாளுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கோன் வைக்கச் சொல்லலாம். கோனின் அடிப்பாகமே ஒரு சாணுக்கு மேல். ஆகவே கோன் தோண்டிய பக்கம் நகர்கிறது, வேலையிடம் சுருங்குகிறது, ஆள் இன்னும் ஓரமாகக் குனிகிறார்.

இப்படிப்பட்ட இடத்தில் இருதிசை வண்டிகளை மாற்றி மாற்றி விடுவது எளிய காரியம்போலத் தெரியும். இங்கே நிறுத்து, அங்கே விடு. சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலி நேரத்தில். வேலையிடம் 200 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் கடைசி வண்டி வெளியேற 36 விநாடி ஆகும். அதுவே சைக்கிளில் ஒரு பெரியவர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. அந்த 72 விநாடி முழுவதும் இரண்டு முனையிலும் சிவப்பு இருக்க வேண்டும். எதிரில் ஒரு வண்டியும் வராத வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு, எஞ்சினை உறுமவிட்டு, 72 விநாடி நிற்கிற டிரைவரை இந்தப் பக்கத்தில் காட்டுங்கள் பார்ப்போம். அவர் நுழைந்துவிடுகிறார். நடுவில் சைக்கிள் பெரியவரைக் கண்டதும் ஒதுங்குகிறார். எங்கே ஒதுங்குவார்? ஆட்கள் இருக்கிற பக்கம்.

விதி இல்லாமல் இல்லை. வேலையிடங்களில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2001இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2014இல் அதைத் திருத்தியது. முன்னெச்சரிக்கைப் பகுதி, திசைமாற்றப் பகுதி, வேலைப் பகுதி, முடிவுப் பகுதி என்று நான்காகப் பிரித்து, எங்கே எந்தப் பலகை என்றெல்லாம் படம் போட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்துக்குள் சாலை வேலையும் வந்தது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், பாதுகாப்புத் தரம் தவறியதால் சாவோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரு லட்சம்! எத்தனை டன் தார்க்கலவை வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை போடுகிறார்கள். அந்த மாதிரி பெரிய வேலைகளில் கான்கிரீட் தடுப்பு, மின்னும் அம்பு விளக்கு எல்லாம் நிற்கின்றன. குப்பத்துச் சாலைக்கு வந்தால் பிளாஸ்டிக் நாடா, நாலு மணல் மூட்டை. பணத்தின் அளவுக்குத் தடுப்பு. உயிர் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பது டெண்டரில் எழுதுகிற விஷயம் இல்லைபோல.

செத்தவர்களை எண்ணுவதிலும் சாலைத் தொழிலாளர்கள் காணாமல் போகிறார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் பாதசாரிகள் 32,825 பேர். சாலை போடுகிறவர் என்று தனி வரிசை அந்தப் பட்டியலில் இல்லை. தட்டுக்கூடையோடு அடிபட்டவரும் நடந்துபோனவர்தான்.

யார் அந்த ஆள் என்பதும் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 1997இல் நெடுஞ்சாலைத் துறை சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை நியமித்தது. 2002 செப்டம்பரில் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006இல் திரும்பச் சேர்த்தார்கள். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் நடத்திய போராட்டம் பல ஆண்டுகள் நீண்டது. அவர்கள் உள்ளூர்க்காரர்கள். கொடி பிடித்து நிற்பவர் "அண்ணே, செத்த இருங்க" என்றால் டிரைவருக்கு அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். மீறிப் போனால் நாளைக்கு டீக்கடையில் முகம் பார்க்க வேண்டும். இன்றைக்குப் பெரிய வேலையெல்லாம் ஒப்பந்தத்தில். கொடி ஜார்க்கண்டிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் கையில். அவனை மீறினால் எந்த டீக்கடையும் கேட்காது.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு முறை வைப்பது புதிதல்ல. ஏரியில் பாடு என்றொரு வழக்கம் உண்டு. இறால் வரத்துள்ள நல்ல இடங்களில் சுத்து வலை கட்ட, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் மீனவ ஊர்கள் முறை போட்டுக்கொள்ளும். உன் நாள் வந்தால் நீ. இல்லாத நாளில் இறால் துள்ளினாலும் கரையில்தான் உட்கார வேண்டும். இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்தே எழுதிவிட முடியாது. பாடு முறைக்குள் இடமில்லாத ஊர்களுக்கும் சமூகத்தாருக்கும் அதன் மேல் நெடுநாள் மனக்குறை உண்டு, தகராறுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் முறையைக் காப்பது ஊர். முறை தவறினால் பஞ்சாயத்து, தண்டம். தனியாளாக ஒருவன் துணியைப் பிடித்துக்கொண்டு ஏரி நடுவில் நிற்பதில்லை.

ரயில்வேயும் இதைத் தெரிந்துவைத்திருந்தது. ஒற்றைப் பாதையில் டோக்கன் என்று ஒரு இரும்புக் குண்டு. அது டிரைவர் கைக்கு வராமல் எவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸும் நிலையத்தைத் தாண்டாது. அதிகாரம் ஸ்டேஷன் மாஸ்டரின் குரலில் இல்லை, குண்டில் இருந்தது. அதையே சாலைக்காரர்களும் கடன் வாங்கினார்கள். இரு முனையும் ஒன்றையொன்று பார்க்க முடியாத நீண்ட வேலையிடத்தில், இந்தப் பக்கத்துக் கடைசி வண்டியிடம் கொடியைக் கொடுத்தனுப்புவார்கள். கொடி வந்து சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம். நான் பார்த்தவரை, செல்போன் வந்ததும் அது போயிற்று. அமெரிக்காவில் ஆளையே சாலையிலிருந்து எடுத்துவிடப் பார்க்கிறார்கள்: ஓரத்தில் தள்ளி நின்று ரிமோட்டில் இயக்கும் தடுப்புக் கம்பை 2009ஆம் ஆண்டு அவர்களின் சாலைக் குறியீட்டுக் கையேட்டில் சேர்த்தார்கள். நம் பையன் கையில் இருப்பது போன்.

அந்தப் போன்தான் அன்றைக்குச் செத்துப்போனது. பையன் அதை உதறிப் பார்த்தான், தொடையில் தட்டிப் பார்த்தான். ரோலர் சத்தத்தில் கூப்பிட்டாலும் அந்த முனைக்குக் கேட்காது; நடுவில் வளைவு வேறு. எதிர்த்திசை வண்டிகள் வந்து தீர்ந்தன. பையன் கொஞ்சம் யோசித்தான். ஓரத்தில் கிடந்த குச்சியை எடுத்து, தடுப்பு நாடாவில் ஒரு துண்டு கிழித்துக் கட்டி, எங்கள் பஸ் நகரத் தொடங்கியதும் கண்டக்டர் கையில் திணித்தான். பின்னால் கை காட்டினான்: இதுதான் கடைசி வண்டி. முன்னால் கை காட்டினான்: அங்கே கொடு.

யாரும் அவனுக்கு டோக்கன் முறையைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னாடா இது, லவ் லெட்டரா?" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. அவர் குச்சியைப் பையில் செருகிக்கொண்டு சில்லறை எண்ணப் போய்விட்டார்.

வளைவு திரும்பி, வேலையிடம் முடிந்து, பஸ் வேகம் எடுத்தது. அந்த முனையின் கொடிக்காரப் பையன் எங்களுக்குப் பின்னால் வேறு வண்டி உண்டா இல்லையா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு எதிரே பத்துப் பதினைந்து வண்டிகள் ஹாரனில் கை வைத்திருந்தன. "கண்டக்டர், குச்சி!" என்று நான் கத்தியபோது பஸ் நூறு மீட்டர் தாண்டியிருந்தது. பிரேக் போட்டார்கள். பையன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நிற்கிற வண்டிகளை ஒட்டி ஓடிவந்தான். கண்டக்டர் படியிலிருந்து குச்சியை நீட்டினார். அவன் அதை வாங்கி, நாடாத் துண்டை ஒருமுறை பார்த்தான். புரிந்துவிட்டது. திரும்பி ஓடினான். அதற்குள் வரிசையின் முதல் லாரி பாதி உள்ளே போயிருந்தது.