மைசூருக்கு ஒரு குடும்பப் பயணம்

உழைக்கும் மக்கள் வீடுகளில் பயணம் என்றால் பெரும்பாலும் நான்கு காரணங்கள்தான். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில். ஊரைச் சுற்றிப் பார்க்க என்று யாரும் கிளம்புவதில்லை. அதெல்லாம் பணக்காரர்களுக்கு என்று பலர் நினைக்கிறார்கள்.

அது சரியா? வருடம் முழுவதும் வேலை செய்கிற உடம்புக்கு ஓய்வு வேண்டாமா? புருஷன் பெண்டாட்டி இருவரும் இரண்டு நாள் கவலை இல்லாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டாமா? பாடப் புத்தகத்தில் படித்த யானையையும் அணையையும் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டாமா?

வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவை இல்லை. முன்கூட்டித் திட்டம் போட வேண்டும். எழுத்தும் கணக்கும் தெரிந்திருந்தால் அது சுலபம். இதற்கு மைசூர்ப் பயணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஏன் மைசூர்?

மைசூர் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. 2014இல் இதன் பெயர் மைசூரு என்று மாற்றப்பட்டது. பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன. எல்லா இடத்துக்கும் டவுன் பஸ் உண்டு. கிழவிக்கு ஒரு மலைக்கோயில், பிள்ளைகளுக்கு ஒரு மிருகக்காட்சி சாலை, இளம் தம்பதிக்கு ஒரு பூந்தோட்டம், எல்லோருக்கும் ஒரு அரண்மனை. இரண்டு நாளில் பார்த்து முடிக்கலாம்.

பணம் சேர்ப்பது எப்படி?

கடன் வாங்கிச் சுற்றுலா போகக் கூடாது. இரண்டு நாள் சந்தோஷத்துக்கு இரண்டு வருடம் வட்டி கட்டுவது புத்தி அல்ல.

வாரம் 100 ரூபாய் எடுத்து வைத்தால் ஒரு வருடத்தில், அதாவது 52 வாரங்களில், 5,200 ரூபாய் சேரும். வாரம் 150 ரூபாய் என்றால் 7,800 ரூபாய். வீட்டு உண்டியலில் வைத்தால் கை போகும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடுவது நல்லது.

ஒரு நோட்டில் ஐந்து தலைப்புகள் எழுத வேண்டும். ரயில் அல்லது பஸ், தங்கும் இடம், சாப்பாடு, நுழைவுச் சீட்டு, அவசரச் செலவு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து எழுத வேண்டும். மொத்தம் அதிகமாக வந்தால் பயணத்தைக் கைவிட வேண்டாம். இன்னும் மூன்று மாதம் தள்ளிப் போடலாம்.

இந்தக் கணக்கை ஆண் மட்டும் உட்கார்ந்து போடக் கூடாது. எங்கே போவது, என்ன பார்ப்பது என்று மனைவியையும் கேட்க வேண்டும், அம்மாவையும் கேட்க வேண்டும், பிள்ளைகளையும் கேட்க வேண்டும். பல வீடுகளில் பயணத்திலும் பெண்ணுக்கு ஓய்வு இல்லை. புளிச்சோறு கட்டுவதும், துணி துவைப்பதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் அவள்தான். அந்த இரண்டு நாளாவது வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால்தான் அது அவளுக்கும் பயணம்.

ரயில் டிக்கெட்

சென்னையில் இரவு கிளம்பும் காவேரி எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை மைசூர் போய்ச் சேரும். பெங்களூருவிலிருந்து மைசூர் சுமார் 140 கிலோமீட்டர். ரயிலும் பஸ்ஸும் நிறைய உண்டு.

2024 நவம்பர் 1 முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்பிருந்துதான் முன்பதிவு செய்ய முடியும். அதற்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் தேவை இல்லை. 5 வயது முடிந்து 12 வயது ஆகாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட். தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம்.

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படிக்க வேண்டும். தேதி சரியா? பெயர்களும் வயதும் சரியா? பெட்டி எண், படுக்கை எண் இருக்கின்றனவா? படுக்கை எண் இருந்தால் இடம் உறுதி. 'ஆர்.ஏ.சி.' என்று இருந்தால் உட்கார்ந்து போக இடம் உண்டு. 'டபிள்யூ.எல்.' என்று இருந்தால் அது காத்திருப்போர் பட்டியல். அதை வைத்துக்கொண்டு படுக்கை வசதிப் பெட்டியில் ஏறக் கூடாது. டிக்கெட்டில் உள்ள பத்து இலக்க எண்ணைத் தனியே ஒரு தாளிலும் எழுதி வைக்க வேண்டும். ரயில் பற்றிய விவரம், புகார் எதுவானாலும் 139 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

தங்கும் இடம்

லாட்ஜில் ஆதார் அட்டை போன்ற அடையாள அட்டை கேட்பார்கள். கணவன் மனைவி இருவரும் அவரவர் அட்டையை எடுத்துப் போக வேண்டும். பணம் கொடுக்கும் முன்பு அறையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாடகை 24 மணி நேரத்துக்கா, மறுநாள் மதியம் வரையா என்று கேட்க வேண்டும். பணம் கொடுத்ததும் ரசீது வாங்க வேண்டும்.

தசரா சமயத்தில் மைசூரில் கூட்டம் நெரியும். அறை வாடகையும் ஏறும். விஜயதசமி அன்று யானை தங்க அம்பாரி சுமந்து வரும் ஊர்வலம் பெரிய காட்சிதான். ஆனால் கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள குடும்பம் வேறு மாதத்தில் போவதே நல்லது.

முதல் நாள்

சனிக்கிழமை காலை மைசூர் சேர்வது வசதி. முதலில் மிருகக்காட்சி சாலை. 1892இல் தொடங்கப்பட்டது இது. ஒட்டகச்சிவிங்கி, யானை, புலி, சிங்கம் எல்லாம் உண்டு. 2021இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு கொரில்லாக் குரங்குகள் வந்தன. உள்ளே நிறைய நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்குக் கட்டணத்துக்கு பேட்டரி வண்டி உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது தெரியாமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு.

மாலையில் கிருஷ்ணராஜசாகர் அணை. ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். காவிரியின் குறுக்கே இந்த அணையைக் கட்டும் வேலை 1911இல் தொடங்கியது. இருபது வருடம் நடந்தது. மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா முன்நின்று தொடங்கிய வேலை இது. சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்போடு செங்கல் தூள் கலந்த சுர்க்கிக் கலவையால் கட்டினார்கள். கொத்தனார் வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்தால் பெருமைப்படுவார்கள். இங்கிருந்து வரும் தண்ணீர்தான் மேட்டூர் வழியாகத் தஞ்சைக்குப் போகிறது.

அணைக்குக் கீழே பிருந்தாவனத் தோட்டம். இருட்டிய பிறகு வண்ண விளக்குகள் எரியும். பாட்டுக்கு ஏற்றபடி நீரூற்றுகள் ஆடும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் சேர்ந்து நடக்க நல்ல இடம். உள்ளே போகும் முன்பே திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆற்றில் தெரியாத இடத்தில் இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகை படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் அங்கே இருப்பவரைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள்

ஞாயிறு காலை வெயில் ஏறும் முன்பு சாமுண்டி மலை. பஸ்ஸில் மேலே போகலாம். திடமானவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் ஏறலாம். வழியில் ஒரே பாறையில் செதுக்கிய நந்தி, சுமார் 15 அடி உயரம். மேலே மகிஷாசுரன் சிலை, கையில் கத்தியும் பாம்பும். மகிஷன் பெயரால்தான் மைசூர் என்ற பெயர் வந்தது என்பார்கள்.

அடுத்து அரண்மனை. காலை 10 மணி முதல் மாலை 5.30 மணி வரை உள்ளே போய்ப் பார்க்கலாம். இங்கே முன்பு இருந்த மர அரண்மனை 1897இல் தீயில் எரிந்து போனது. பிறகு கட்டிய இந்த அரண்மனை 1912இல் முடிந்தது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். கல்யாண மண்டபத்தின் கூரையில் மயில் படங்களோடு வண்ணக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ராஜா குடும்பம் வாழ்ந்த இடம். இன்று சீட்டு வாங்கினால் யாரும் நடக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு விடுமுறை நாளிலும் இரவு 7 மணி அளவில் அரண்மனை விளக்குகளைப் போடுவார்கள். ஒரு லட்சத்தை நெருங்கும் பல்புகள் ஒரே நேரத்தில் எரியும். அதைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பலாம்.

நான்கு வார்த்தை கன்னடம்

மைசூரில் தமிழ் புரிந்தவர்கள் பலர் உண்டு. ஆனாலும் அந்த ஊர்ப் பேச்சில் நான்கு வார்த்தை தெரிந்தால் மரியாதை கூடும். 'எல்லி' என்றால் எங்கே. 'எஷ்டு' என்றால் எவ்வளவு. 'நீரு' என்றால் தண்ணீர். 'ஊட்டா' என்றால் சாப்பாடு. 'பேக்கு' என்றால் வேண்டும். 'பேடா' என்றால் வேண்டாம். நான்கு என்று சொல்லி ஆறு ஆகிவிட்டது. படிக்கத் தொடங்கினால் அப்படித்தான்.

பஸ்ஸின் பெயர்ப் பலகை கன்னடத்தில் இருந்தாலும் எண்ணைப் படிக்கலாம். போகும் இடத்துக்கு எந்த எண் பஸ் என்று கேட்டு எழுதி வைத்தால் போதும். கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு 2023 ஜூனில் அரசு சாதாரண பஸ்களில் இலவசப் பயணம் தொடங்கியது. வெளி மாநிலப் பெண்களுக்கு இது கிடையாது. டிக்கெட் வாங்க வேண்டும்.

ஏமாறாமல் இருக்க

ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணம் பேச வேண்டும். மிகக் குறைந்த காசுக்கு ஊரையே சுற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் யோசிக்க வேண்டும். சிலர் பட்டுக் கடைக்கும் சந்தனக் கடைக்கும் கூட்டிப் போவார்கள். வாங்கும் பொருளில் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. 'பேடா' என்ற வார்த்தை அங்கே உதவும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்க வேண்டும்.

கூட்டத்தில் பிள்ளை தவறிப்போவது பெரிய ஆபத்து. பெற்றோர் பெயர், ஊர், போன் நம்பர் எழுதிய தாளைப் பிள்ளையின் சட்டைப் பையில் வைக்க வேண்டும். தவறினால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முதலிலேயே ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். அப்படியும் பிள்ளை கிடைக்காவிட்டால் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும். அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098.

திரும்பி வந்த பிறகு

செலவு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். நினைத்ததைவிட எங்கே அதிகம் ஆனது, எங்கே மிச்சம் ஆனது என்று தெரியும். பக்கத்து வீட்டார் போகும்போது அந்த நோட்டையே கொடுக்கலாம்.

எழுதப் படிக்கக் கற்றவர்களுக்குப் பஸ் எண்ணும் பெயர்ப் பலகையும் ரயில் டிக்கெட்டும் கூடப் பாடம்தான். இந்த வாரம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசலாம். நமக்கு எந்த ஊரைப் பார்க்க ஆசை? பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதன் கீழே முதல் 100 ரூபாயைக் குறித்து வைக்கலாம்.