செல்போன் ஓய்ந்தால் ஹாம் ரேடியோ



2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ரேடியோ மூலம் நலச்செய்திகளை அனுப்பியவர் பாரதி பிரசாத் அம்மையார்.

கைக்கருவியின் அலை சில கிலோமீட்டரே எட்டும். உயரத்தில் நிற்கும் ரிப்பீட்டர் அதை ஓர் அலைவரிசையில் வாங்கி, மற்றோர் அலைவரிசையில் அக்கணமே வலுவாக அனுப்பும். பேட்டரி இருந்தால் கரண்ட் இல்லாமலும் இயங்கும்.

2024 அக்டோபர் மழையில் செல்லூர் பட்ட பாட்டை அறிவோம். கண்மாய்க் கரை கசிவதை முதலில் காண்பவர் ஊர்க்காரரே. அவர் சொல் ஆட்சியர் அலுவலகத்தை எட்டினால்தான் உயிர்கள் தப்பும். செல்போன் இயங்கும்வரை 1077-ஐ அழையுங்கள்.

12 வயது நிரம்பியோர் மத்திய அரசின் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம். உரிமமின்றிப் பேசுவது குற்றம். மஹல்லாவுக்கு இரு இளைஞர்கள் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், பயிற்சிக்கு ஏற்பாடு செய்வோம்.