கூப்பிடு தூரத்தில் ஒரு மாத்திரை

தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கும்போது இறங்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தோளில் பை, தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர், ராயகடா என்று ஜார்க்கண்டையும் ஒடிசாவையும் ஊடறுத்து வருகிற ரயில் அது. இந்தியாவில் மலேரியா நெடுங்காலமாகக் குடியிருக்கும் காட்டுப் பகுதிகள் பலவும் அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும்தான் இருக்கின்றன.

திருப்பூர் மலேரியா ஊர் அல்ல. மழை பெய்து ஓய்ந்தால் இங்கே டெங்கு பற்றித்தான் பேச்சு. ஆகவே, அப்படி வந்து இறங்கிய குடும்பத்தின் லைன் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்தால், "சமீபத்தில் ஊருக்குப் போய் வந்தீர்களா?" என்று கேட்க யாருக்கும் சட்டென்று தோன்றாது. அப்பா டையிங்கில், அம்மா செக்கிங்கில்; இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். முனை மெடிக்கலில் வாங்கிய சிரப்பில் சூடு இறங்கும், மறுநாள் ஏறும். சனிக்கிழமை சம்பளம் வரட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாள் தள்ளிப்போகும்.

ஃபால்சிபாரம் வகை மலேரியா சனிக்கிழமை வரை காத்திருக்காது. ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைந்த ஒட்டுண்ணி சுமார் 48 மணி நேரத்தில் பெருகி, அணுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த அணுக்களுக்குள் புகும். அது குடியேறிய அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் அப்படி அடைபட்டால் வலிப்பு, நினைவிழப்பு. சிறு குழந்தையிடம் முதல் காய்ச்சலுக்கும் இந்த நிலைக்கும் நடுவே ஓரிரு நாள்தான் இருக்கும். 2023-இல் உலகம் முழுவதும் மலேரியாவுக்குப் பலியானவர்கள் சுமார் 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலான சாவுகள் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

மருந்து இல்லாமல் இறந்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. மருந்து இருந்தது, தூரத்தில் இருந்தது. எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் இந்தத் தூரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று ஒரு சோதனை செய்தார்கள். கிராமத்துத் தாய்மார்களில் சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் வழியாக அக்கம்பக்கத்துத் தாய்மாருக்குக் காய்ச்சலை அடையாளம் காணவும் மலேரியா மாத்திரையான குளோரோகுயின் கொடுக்கவும் கற்றுத் தந்தார்கள். அந்த ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு, மற்ற ஊர்களைவிட 40 சதவீதம் குறைந்தது. 2000-இல் 'லான்செட்' இதழில் இது வெளியானபோது, மருத்துவர்கள் ஆச்சரியப்பட்டிருக்கலாம்; அம்மாக்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஊரார் கையில் மருந்தைக் கொடுப்பது இந்தியாவுக்கும் புதிதல்ல. 1953 வாக்கில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரைப் படுக்கவைத்த மலேரியா, டி.டி.டி. தெளிப்பால் 1965-இல் ஒரு லட்சம் என்ற அளவுக்குச் சுருங்கியது. ஒழிந்தது என்று நாம் அசந்திருந்த நேரத்தில் திரும்பி வந்து, 1976-இல் 64 லட்சத்தைத் தொட்டது. மறு ஆண்டு திருத்தி அமைத்த திட்டத்தில், ஊரார் கையிலேயே மாத்திரையைக் கொடுத்துவைத்தார்கள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் குளோரோகுயின். ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லு எங்கோ ஒரு மைக்ராஸ்கோப்புக்குப் போய், முடிவு வருவதற்குள் பிள்ளை பிழைத்திருக்கும், அல்லது இறந்திருக்கும். ஆகவே சோதிக்காமல் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆனால், அந்தக் குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத ஃபால்சிபாரம் 1973-லேயே அசாமில் தலைகாட்டியிருந்தது.

விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், கால் மணி நேரம், ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்க்கும் சிறு அட்டை: சோதிக்காமல் கொடுக்கும் அந்தக் கிராமத்துச் சிகிச்சையை மாற்றியது இதுதான். ஒடிசாவில் இந்த அட்டை 'ஆஷா' பணியாளரின் பையில் இருக்கிறது. 2005-இல் தொடங்கிய ஊரக சுகாதாரத் திட்டத்தில் வந்தவர்கள் இவர்கள். அந்த ஊர்க்காரர்கள், அந்த மொழி பேசுகிறவர்கள், நடுநிசியில் கதவைத் தட்டினால் 'தீதி' (அக்கா) எழுந்து வருவார். ஃபால்சிபாரம் என்று தெரிந்தால் மூன்று நாளுக்கான ஆர்ட்டிசுனேட் கூட்டு மருந்து. வயதுக்கொரு நிறத்தில் மாத்திரை அட்டை: கைக்குழந்தைக்கு இளஞ்சிவப்பு, ஒன்று முதல் நான்கு வயதுக்கு மஞ்சள், பிறகு பச்சை, சிவப்பு, பெரியவர்களுக்கு வெள்ளை. எழுத்துக் கூட்டத் தெரியாத தாயும் மஞ்சளைத் தவறவிட மாட்டாள். வலிப்போ மயக்கமோ கண்டால் மாத்திரையோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தீதியின் பாடத்தில் உண்டு. இத்தனைக்கும் நீண்ட காலம் அவருக்குக் கிடைத்தது ஒரு சோதனைக்குப் பதினைந்து ரூபாய் ஊக்கத்தொகை!

2017-இல் ஒடிசா இன்னொரு படி ஏறியது. 'தமன்' என்ற திட்டத்தில், எளிதில் போய்ச் சேர முடியாத ஊர்களில் முகாம் போட்டுக் காய்ச்சல் இல்லாதவர்களையும் சோதித்தார்கள். சிறுவயதிலிருந்து கடிபட்டுப் பழகிய உடம்பில் ஒட்டுண்ணி சத்தம் காட்டாமல் இருக்கும். அந்த ஆளைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். கொசுவலையும் கூடவே போனது. 2016-இல் நாலு லட்சத்தைத் தாண்டியிருந்த ஒடிசாவின் மலேரியா எண்ணிக்கை, 2018-இல் எழுபதாயிரத்துக்குக் கீழே வந்தது.

இனி திருப்பூருக்கு வருவோம். இங்கேயே பிறந்து வளரும் ஒடிசாப் பிள்ளைக்கு அப்பாவிடம் இருக்கும் அந்தப் பழகிய எதிர்ப்பு கிடையாது. நுவாகாய் பண்டிகைக்குப் பாட்டி ஊர் போய்ப் பதினைந்து நாள் தங்கித் திரும்பினால், காய்ச்சல் பெரும்பாலும் லைன் வீட்டில்தான் வெளிப்படும். வைவாக்ஸ் என்ற மற்ற வகையோ இன்னும் கள்ளத்தனமானது. ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டு எழும். அதைத் துடைத்தெறிய பிரைமாகுயின் 14 நாள் விடாமல் விழுங்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டபின் யார் விழுங்குவார்கள்? நினைவூட்ட இங்கே தீதி இல்லை. மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும் ஸ்டீஃபென்சி கொசுவோ தமிழ்நாட்டு நகரங்களுக்குப் பழைய விருந்தாளி.

ஆஸ்பத்திரிகள் இவ்வளவு இருக்கும் ஊரில் சோதனையும் மருந்தும் ஒடிசாவின் மலைக் கிராமத்தில் இருப்பதைவிடத் தொலைவில் இருக்கின்றன என்றால், அதைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. ஷிப்ட், சம்பள வெட்டு, மொழி என்று வேறு அளவுகோல் வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். அதே பையில் பத்து மலேரியாச் சோதனை அட்டைகளை வைத்து, லைன் வீடுகளுக்கு ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒரு பெண்ணை, அந்த வரிசையிலிருந்தே, தேர்ந்தெடுத்துப் பழக்கினால் போதும் என்பது என் எண்ணம். பெரிய செலவில்லை. ஒரு கம்பெனியின் ஒரு நாள் ஓவர்டைம்கூட ஆகாது.

அதுவரை, குழந்தை நடுங்கும் இரவில் அந்த அம்மா போனை எடுத்து முதலில் யாரை அழைப்பாள்? ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சொந்த ஊரில் இருக்கும் தீதியைத்தான். தீதியும் தூக்கக் கலக்கத்தோடு, "ரத்தம் பார்த்தாயா?" என்று கேட்பார்.