மரவள்ளியும் காராமணியும்: ஆப்பிரிக்க உணவின் சத்துக்கள்

ஆப்பிரிக்கா என்றவுடன் கானகமும் பாலைவனமும் நினைவுக்கு வருமேயன்றி, அங்குள்ள மக்கள் யாது உண்கின்றனர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழுவதில்லை. ஆயினும் நம் சங்க அங்கத்தினர்கள் மானாவாரி நிலத்தில் விதைக்கும் கம்பு, சோளம், கேழ்வரகு, காராமணி ஆகிய நான்குக்கும் பிறந்தகம் அக்கண்டமே. கம்பு, சகாராவின் தென் விளிம்பில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே பயிராக்கப்பட்டது. ஆகவே அவர்களுடைய உலையில் வேகும் பொருள்களைப் பற்றி அறிவது நமக்கு அந்நியமான விஷயமன்று.

வட நைஜீரியாவில் ஹவுசா மக்கள் கம்பு, சோளம் முதலியவற்றின் மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் 'தூவோ' என்பது நம் களியேயாகும். அதைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து உண்பர். தெற்கே மழைக் காடுகளை நெருங்க நெருங்க, தானியத்தின் இடத்தை மரவள்ளிக் கிழங்கு பிடித்துக் கொள்கிறது. இது ஆப்பிரிக்கப் பயிரன்று. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்தது. வறட்சியைத் தாங்கும், வேண்டும்போது தோண்டிக் கொள்ளலாம். ஏழையின் களஞ்சியம் பூமிக்கடியிலேயே இருக்கிறது என்னலாம். ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதச் சத்து ஏறக்குறைய ஒரு கிராம்தான். வயிறு நிரம்பும், உடல் வளராது.

மாவுச் சத்தை மட்டுமே நம்புவதன் விளைவை உலகுக்கு எடுத்துரைத்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மாது. இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்டில் அவர் பணியாற்றியபோது, தாய்ப்பால் மறந்து மக்காச்சோளக் கஞ்சியே ஆகாரமாகக் கொண்ட குழந்தைகளுக்குக் கால்கள் வீங்குவதையும், தோல் உரிவதையும் கண்டார். 1933-இல் இதைப் பற்றி எழுதினார். 1935-இல் அதற்கு அந்நாட்டுக் 'கா' மொழியிலுள்ள 'குவாஷியார்க்கர்' என்ற பெயரையே வழங்கினார். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தையைப் பற்றும் நோய் என்பது அதன் கருத்து. காரணத்தை அவ்வூர்த் தாய்மார்கள் பெயரிலேயே வைத்துவிட்டனர்! புரதக் குறைவு ஒன்றே இந்நோய்க்குக் காரணமன்று எனப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கருதினும், அது பெரும் பங்கு வகிக்கிறது என்பதில் ஐயமில்லை.

மரவள்ளியில் மற்றோர் அபாயமும் உண்டு. கசப்பு இனங்களில் சயனைடு நஞ்சை வெளிப்படுத்தும் பொருள் மிகுதி. இதற்கு மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் கண்ட பக்குவமே 'காரி'. கிழங்கைத் துருவிச் சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றிச் சில நாள் புளிக்க விடுவர். சாறு வடிந்தபின் சலித்து, அகன்ற சட்டியில் வறுப்பர். நஞ்சு சாற்றோடும் ஆவியோடும் வெளியேறிவிடும். காங்கோவிலோ கிழங்கை மூன்று நான்கு நாள் நீரில் ஊறப் போடுவர். இந்த நாட்களைக் குறைத்தால் என்ன ஆகும்? 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் மழை பொய்த்தது. பசி பொறுக்காத மக்கள் பக்குவத்தைச் சுருக்கிக் கொண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கால்கள் விறைத்து முடமாயினர். 'கொன்சோ' எனப்படும் இந்நோய் தீராதது. நஞ்சை உடல் முறிப்பதற்குக் கந்தகம் கலந்த புரதம் வேண்டும்; பயறும் மீனும் இல்லாத வீட்டில் அதுவும் கிட்டுவதில்லை.

இவ்விடத்தில்தான் காராமணியின் அருமை விளங்குகிறது. 100 கிராம் காராமணியில் சுமார் 23 கிராம் புரதம் உண்டு. தானியத்தில் குறைவாயுள்ள லைசின் இதில் நிறைவு. இதில் குறைவாயுள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இதை ஊற வைத்துத் தோல் நீக்கி அரைத்து, நுரைக்க அடித்துச் செம்பனை எண்ணெயில் பொரித்தால் 'அக்கரா'. நம் வடைக்கு நெருங்கிய உறவு. அதே மாவை இலையில் பொதிந்து ஆவியில் அவித்தால் 'மொயின் மொயின்'. அக்கராவுடன் புளித்த மக்காச்சோளக் கஞ்சியைப் பருகுவது நைஜீரியாவின் காலை வழக்கம். (அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோர் அக்கராவைப் பிரேசிலுக்கும் கொண்டு சென்றனர், பாஹியாவின் தெருக்களில் அது இன்றும் விற்கிறது.) செம்பனை எண்ணெயின் சிவப்பு நிறமே 'ஏ' வைட்டமினாக மாறும் கரோட்டீன். கண்ணுக்கு அழகென்று எண்ணெயை வெளுக்கச் செய்வோர் அச்சத்தையும் சேர்த்தே இழக்கின்றனர்.

எத்தியோப்பியர் 'டெஃப்' என்னும் சிறு தானிய மாவைப் புளிக்க வைத்து 'இஞ்ஜெரா' சுடுகின்றனர். புளிப்பதனால் இரும்புச் சத்தைத் தடுக்கும் பைட்டேட் குறைகிறது.

இவ்வளவு நலமுள்ள காராமணி விளைவித்தவன் வீட்டிலேயே தங்குவதில்லை என்பதுதான் வருத்தம். நாம் கிடங்குகளைத் தணிக்கை செய்யும்போது, மூட்டையைத் தட்டினால் பயறுக்குப் பதில் பொடி கொட்டுவதைக் கண்டிருக்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவிலும் வண்டுக்கு அஞ்சியே உழவர்கள் அறுவடையானதும் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, பின்னர் தம் குழந்தைகளுக்காக இரட்டிப்பு விலை கொடுத்து வாங்க நேர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் கேமரூனில் இதற்கு ஓர் எளிய உபாயம் உருவாயிற்று. இரண்டு பாலிதீன் பைகளை ஒன்றனுள் ஒன்றாக ஒரு சாக்கினுள் வைத்து, நன்கு உலர்ந்த பயறை நிரப்பி, ஒவ்வொரு பையையும் தனித்தனியே இறுகக் கட்டிவிட வேண்டும். உள்ளிருக்கும் வண்டுகள் பிராணவாயுவைத் தாமே தீர்த்துவிட்டு மடிகின்றன. மருந்து தேவையில்லை. ஆனால் முதல் சில வாரங்களுக்கு மூட்டையை அவிழ்த்துப் பார்க்கலாகாது.